செக்ரோலில் இருந்தவர்களுக்கு ஒரு கல்

கண்டியில் இருக்கிற யுத்த மயானத்துக்குப் போயிருக்கிறீர்களா? இரண்டாம் உலக யுத்தத்தில் செத்த பிரித்தானியர், கிழக்கு ஆப்பிரிக்கர், நம் நாட்டவர் என்று ஆளுக்கொரு கல், கல்லில் பெயர், புல் அவ்வளவு ஒழுங்கு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே யுத்தத்துக்கு உழைத்த நம் தேயிலை, ரப்பர் தோட்டத்துச் சனத்துக்கு, செக்ரோல் என்கிற தோட்டத்து வேலையாள் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்கு, என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

1942 தொடக்கத்தில் மலாயாவும் அப்புறம் ஜாவாவும் ஜப்பான் கைக்குப் போனதும், நேச நாடுகளுக்கு ரப்பர் கிடைக்க மிஞ்சிய பெரிய இடம் இலங்கைதான். லொறி டயர், விமான டயர் எல்லாம் அதை நம்பித்தான். மரம் பட்டாலும் போகட்டும், பால் வந்தால் போதும் என்று ஒரே மரத்தில் வெட்டுக்கு மேல் வெட்டுப் போடவைத்தார்கள். கேகாலை, மாத்தளைப் பக்கம் வெயில் ஏறுமுன் பால் வெட்டி, சிரட்டை சிரட்டையாக வாளியில் ஊற்றிச் சுமந்தது யார்? மேலே நுவரெலியாவிலும் பதுளையிலும் பறித்த கொழுந்து தேயிலையாகி, பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாக வாங்கி, அங்கே பங்கீட்டில் போனது. இங்கே பர்மா விழுந்து அரிசி வரத்து நின்றுபோக, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் கிடைத்தது அளந்து கொடுத்த கொஞ்ச அரிசியும் கோதுமை மாவும். அதைச் சுட்டுத் தின்றுவிட்டுத்தான் காலையில் பெரட்டுக்கு, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற களத்துக்கு, போனார்கள்.

"சம்பளத்துக்குத்தானே வேலை செய்தார்கள்" என்பார்கள். சிப்பாயும் சம்பளம் வாங்கினான் ஐயா. அதுவும் தோட்டத்தில் சம்பளம் கூட்டிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை, யுத்தம் தொடங்கிச் சில மாதங்களில், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பார்த்தோம். பொலிஸ் சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார்.

பிரித்தானியாவில் யுத்த காலத்தில் பண்ணை வேலைக்குப் போன பெண்களுக்கும், படைக்குப் பதில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களுக்கும் 2008இல் அரசாங்கமே பேட்ஜ் கொடுத்தது. பிந்தித்தான், ஆனாலும் கொடுத்தார்கள். நமக்குக் கிடைத்தது 1948இல் நம்மில் பெரும்பாலோரை வெளியே விட்ட பிரஜாவுரிமைச் சட்டம், அடுத்த வருஷம் வாக்கும் போனது, 1964இல் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம். யுத்தத்தில் பால் வெட்டிய கை நாடற்றவன் கை ஆகிவிட்டது.

(1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வன்னிக்குப் போய், அங்கே 2009இல் மாண்ட நம் சனத்தின் கதை வேறு. அதைத் தனியாக எழுத வேண்டும், இரண்டு வரியில் அடங்காது.)

நான் கேட்பது பெரிய சிலை இல்லை. பழைய செக்ரோல் எந்தத் தோட்டத்து ஆபீசிலாவது கறையான் தின்னாமல் கிடந்தால், 1939 முதல் 1945 வரை இருந்த பெயர்களை எழுதி எடுங்கள். வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய துண்டுச் சீட்டு ஏதும் இருந்தால் போட்டோ பிடித்து வையுங்கள். பெரட்டுக் களத்தில் ஒரு சுவர், அதில் பெயர், டிவிஷன், பால்வெட்டா கொழுந்தா என்று போட்டால் போதும். மே தின மேடைக்கு ஆகிற செலவில் ஒரு பங்கு கூட வராது. திறந்து வைக்கிற மந்திரியின் பெயரை மட்டும் அவர்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வெட்டிவிடாதீர்கள்.