போர்த்மாடோக்: ஆறு தோண்டித் தந்த துறைமுகம்

வேல்ஸின் துறைமுகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கார்டிஃபின் நிலக்கரித் துறைகளையோ கேர்னார்ஃபனின் கோட்டையையோதான் பலரும் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வடமேற்கில் உள்ள போர்த்மாடோக் என்னும் சிற்றூர். அங்கே கோட்டையும் இல்லை, பழம்பெருமை பேசும் தேவாலயமும் இல்லை. 1800-இல் ஊரே இல்லை, கிளாஸ்லின் ஆற்றின் அகன்ற கழிமுகமும் மணலும்தான் இருந்தன.

வில்லியம் மாடக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அந்தக் கழிமுகத்தை மறித்து நிலம் மீட்க விரும்பினார். 1807-இல் சட்டம் பெற்று, மறு ஆண்டு வேலையைத் தொடங்கி, 1811-இல் ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்குக் 'காப்' என்னும் கரையை எழுப்பி முடித்தார். அடுத்த பிப்ரவரியிலேயே கடல் அதை உடைத்தது. பழுது பார்க்கப் பணம் திரட்ட முன்வந்தவர்களில் கவிஞர் ஷெல்லியும் ஒருவர். அவரோ 1813 தொடக்கத்தில், இரவில் யாரோ தன்னைச் சுட வந்ததாகச் சொல்லி, கடனையும் விட்டுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இந்தக் கதையில் என்னை ஈர்ப்பது வேறொன்று. கரை கட்டியபோது ஆற்றை ஓர் ஓரமாகத் திருப்பி மதகுகள் வழியே கடலுக்கு விட்டார்கள். ஒடுங்கிப் பாய்ந்த அந்த நீர் மணலை அரித்து, கப்பல் வந்து நிற்கும் ஆழத்தைத் தானாகவே உண்டாக்கியது. வயலுக்காக எழுப்பிய கரை துறைமுகத்தைக் கொடுத்தது. துறைமுகம் அமைக்க 1821-இல் தனிச் சட்டம் வந்ததெல்லாம் ஆறு தன் வேலையைச் செய்த பிறகுதான்.

அதுவரை பிளைனை ஃபெஸ்டினியோக் என்னும் மலையூரின், கூரை வேயப் பயன்படும் ஸ்லேட் கற்கள் வண்டிகளில் இறங்கி, ட்வைரிட் ஆற்றில் சிறு படகுகளில் ஏறி, பிறகு கப்பலுக்கு மாறின. 1836-இல் திறந்த குறுகிய இருப்புப்பாதை அந்த வேலையைப் படிப்படியாக ஒழித்தது. படகுக்காரர்களின் பிழைப்பும் அதோடு போயிற்று. மலையிலிருந்து துறைமுகம் வரை பாதை பெரும்பாலும் சரிவு என்பதால் கல் ஏற்றிய பெட்டிகள் தம் எடையிலேயே உருண்டு வந்தன. காலிப் பெட்டிகளை மேலே இழுக்க வேண்டிய குதிரைகளும் இறங்கும்போது ஒரு பெட்டியில் நின்றபடி சவாரி செய்தன. 1842-இல் ஹாம்பர்க் நகரம் எரிந்தபின் அதன் புதிய கூரைகளுக்கு இங்கிருந்து கல் போயிற்று. 1873-இல் மட்டும் 1,16,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. 1914-இல் போர் மூண்டதும் ஜெர்மானியச் சந்தை நின்றது. இங்கே கட்டிய கடைசிக் கப்பலான 'கெஸ்டியானா' அதற்கு முந்தைய ஆண்டுதான் தன் முதல் பயணத்திலேயே அழிந்திருந்தது.

கல் அடுக்கிய துறைமேடைகளில் இன்று விடுமுறைக் குடியிருப்புகள் நிற்கின்றன, எதிரே உல்லாசப் படகுகள். அந்த வீடுகள் அழகற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீர்முகப்பைச் சீரமைக்கிறோம் என்று வருபவர்கள் எல்லா ஊரிலும் முதலில் கை வைப்பது கிடங்குகளிலும் கொட்டகைகளிலும்தான். முதலாளியின் மாளிகைக்குக் கிடைக்கும் கவனம் சுமை தூக்கியவன் நின்ற இடத்துக்குக் கிடைப்பதில்லை. இங்கே தப்பிப் பிழைத்த ஒரே ஸ்லேட் கொட்டகையில் கடல்சார் அருங்காட்சியகம் இயங்குகிறது. வரிசையாக நின்ற கொட்டகைகளில் ஒன்றாவது மிஞ்சியதே என்று ஆறுதல் கொள்ளலாம். எனக்கு அது போதவில்லை. 2021-இல் யுனெஸ்கோ இப்பகுதியின் ஸ்லேட் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியமாக ஏற்றபோது, சுரங்கங்களோடு போர்த்மாடோக் வரை வரும் இருப்புப்பாதையையும் சேர்த்துக்கொண்டது. சரியான முடிவு என்பேன்.

கொட்டகையைவிட எனக்குப் பிடித்தது துறைமுகத்தின் வாயிலருகே கிடக்கும் கெய் பாலஸ்ட் என்ற திட்டு. கல்லை இறக்கிவிட்டுச் சரக்கின்றித் திரும்பிய கப்பல்கள், கடலில் கவிழாமலிருக்க, போன ஊர்களில் கிடைத்த கல்லையும் மண்ணையும் அடித்தட்டில் நிரப்பி வந்து இங்கே கொட்டின. கொட்டியது குவிந்து தீவாயிற்று. அதற்குக் கட்டடக் கலைஞர் யாரும் இல்லை, திறப்பு விழாவும் நடந்ததில்லை. ஊருக்குள் நுழையும் பயணிக்குக் காட்ட ஒரேயொரு இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மாடக்ஸின் கரையைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, அந்தக் கற்குவியலைத்தான் முதலில் கைகாட்டுவேன்.