நாலு ஞானப்பல்லும் ஒரே நாள்ல

எங்க பொண்ணுக்கு 17 வயசு, பிளஸ் டூ படிக்கறா. போன மாசம் பல்லு கிளீன் பண்ணலாம்னு கோயம்புத்தூர்ல ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டு போனோம். குன்னூர்ல இருந்து கீழ இறங்கி ஏறறதுன்னா எங்களுக்கு ஒரு நாள் போயிரும், அவளுக்கு வளைவு வந்தாலே குமட்டும், மேட்டுப்பாளையம் வர்ற வரைக்கும் எலுமிச்சம்பழத்தை மூக்குகிட்ட வெச்சுக்கிட்டே வந்தா. பல்லு கிளீன் பண்ணப் போனவங்க ஆபரேஷனுக்கு தேதி வாங்கிட்டு திரும்பி வந்தோம்.

டாக்டர் ஓபிஜி எக்ஸ்ரே, அதாவது வாய்ல இருக்கற எல்லாப் பல்லும் தாடையும் ஒரே படத்துல தெரியற எக்ஸ்ரே, எடுத்துப் பாத்துட்டு, ஞானப்பல்லு நாலும் இன்னும் உள்ளயே இருக்கு, கீழ ரெண்டும் சாஞ்சு கிடக்கு, பின்னாடி தொந்தரவு பண்ணும், பரீட்சை முடிஞ்சதும் மயக்கம் குடுத்து நாலையும் ஒரே நாள்ல எடுத்துரலாம்னாரு. வலிக்குதான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான்தான் கேட்டேன், "இல்லம்மா"ன்னா. வீக்கம் இல்ல, சொத்தை இல்ல, சீழ் இல்ல.

ராத்திரி தூக்கம் வரல. காலைல அந்த ஃபிலிமை ஜன்னல்ல வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாத்தேன். கீழ வலது பக்கத்து பல்லு, முன்னாடி இருக்கற கடவாய்ப்பல்லு மேல தலைய சாச்சு படுத்திருக்கு. அதோட வேர் முடியற எடத்துல மெல்லிசா ரெண்டு வெள்ளைக் கோடு, நடுவுல ஒரு கருப்புப் பாதை. அதுதான் நரம்பு போற வழின்னு அப்புறமா இங்க குன்னூர்லயே வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டினப்பதான் தெரிஞ்சுது. கீழ் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி குடுக்கற நரம்பு அது. பல்லை எடுக்கறப்ப அதுக்கு அடிபட்டா உதடு மரத்துப் போகலாம், பக்கத்துல நாக்குக்கு போற நரம்பும் இருக்கு. நெறைய பேருக்கு சில வாரம், சில மாசத்துல சரியாயிடும், ரொம்ப கொஞ்ச பேருக்கு அப்படியே நின்னுரும்னு இவர் பொறுமையா சொன்னாரு. முதல்ல பாத்தவர் இதைப் பத்தி வாயே திறக்கல, எனக்கு கோபம் அதுலதான்.

எங்க அத்தை, "மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிரும், விட்டுரும்மா"ன்னு ஆரம்பிச்சாங்க. அப்படியெல்லாம் இல்ல அத்தை, பல்லுக்கும் கண் பார்வைக்கும் சம்பந்தமே இல்லன்னு அவங்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதாச்சு. ஆபரேஷனே கூடாதுங்கற கட்சி நான் இல்லைங்க. சொத்தை, நீர்க்கட்டி, திரும்பத் திரும்ப வீக்கம்னு ஏதாவது ஒண்ணு இருந்தா நானே அன்னைக்கே படுக்க வெச்சிருப்பேன்.

ஏன்னா நான் பட்டிருக்கேன். 2009 நவம்பர் மழை இங்க இருக்கற யாருக்கும் மறக்காது. மேட்டுப்பாளையம் ரோடு மண்சரிவுல அடைச்சுப் போச்சு, மலை ரயிலும் நின்னு போச்சு. அந்த வாரம்தான் எனக்கு ஞானப்பல்லு மேல மூடியிருந்த ஈறு வீங்கி வாய திறக்க முடியல, ரெண்டு விரல் உள்ள போகாது. இவ ஒரு வயசுக் குழந்தை, இடுப்புல வெச்சுக்கிட்டே உப்புத்தண்ணி கொப்பளிச்சு, மெடிக்கல்ல வாங்கின மாத்திரையப் போட்டுக்கிட்டு கஞ்சியக் குடிச்சே நாளை ஓட்டினேன். ரோடு திறந்த பிறகு கீழ போயி எடுத்தேன். அதனால "இப்பவே எடுத்துட்டா பின்னாடி கஷ்டம் இல்ல"ன்னு டாக்டர் சொல்றது எனக்கு உள்ளுக்குள்ள குத்துது. சின்ன வயசுல வேர் முழுசா வளந்திருக்காது, எலும்பும் இளசா இருக்கும், புண்ணு சீக்கிரம் ஆறும், முப்பது தாண்டிட்டா கஷ்டம், அதெல்லாம் உண்மைதான்.

ஆனா எனக்கு வந்தது இவளுக்கும் வரும்னு யாரு சொன்னா? இங்கிலாந்துல நைஸ்னு அரசாங்க அமைப்பு ஒண்ணு இருக்கு, 2000லயே நோய் இல்லாத ஞானப்பல்லை வருமுன் காக்கறேன்னு எடுக்கறதை நிறுத்தச் சொல்லிருச்சு. அமெரிக்காவுல காலேஜ் போறதுக்கு முன்னாடி எடுக்கறது ரொம்ப சகஜம். ரெண்டு ஊர்லயும் பல்லு ஒண்ணுதானே? இன்னொண்ணும் சொல்லணும், இங்கிலாந்துல அப்படி விட்டதுக்கு அப்புறம் சாஞ்ச பல்லு இடிச்சு முன்னாடி இருக்கற நல்ல கடவாய்ப்பல்லு சொத்தையானவங்களும் இருக்காங்க, இவளுக்கு சாஞ்சிருக்கறதும் அதே மாதிரிதான், அதனால விட்டுட்டு மறந்துரலாம்னு நான் சொல்ல வரல. ஆனா முன்பல்லு நெரிசலாகும், அழகு போயிரும்னு அந்த கோயம்புத்தூர் கிளினிக்ல சொல்லி பயமுறுத்தினாங்க பாருங்க, அதை என்னால ஏத்துக்க முடியல. நெரிசலைத் தடுக்க ஞானப்பல்லை எடுக்கணும்ங்கறதுக்கு சரியான ஆதாரம் இல்லன்னு பல் டாக்டருங்களே எழுதறாங்க. பொம்பளப் புள்ளைன்னா உடனே அழகைச் சொல்லிட வேண்டியது.

செலவும் இருக்கு, எங்க தேயிலைக் கொழுந்துக்கு ரெண்டு மாசம் வர்ற பணம் அது. ஆனா பணத்துக்காக நான் தயங்கலைங்க, வேணும்னா நகைய வெச்சாவது செஞ்சிருவோம்.

கடைசியா அவகிட்டயே ஃபிலிமைக் குடுத்து ரெண்டு டாக்டர் சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "வலிச்சா எடுத்துக்கறேன்மா, இப்ப நல்லா இருக்கறப்ப எடுத்து உதடு மரத்துப் போச்சுன்னா நான் யாரைப் போய் கேக்கறது?"ன்னா. அவ வாய், அவ தாடை, இந்தக் கேள்விய முதல்லயே அவகிட்ட கேட்டிருக்கணும்.

தேதிய கேன்சல் பண்ணிட்டேன். அடுத்த வருஷம் மறுபடி எக்ஸ்ரே, அதுக்கு நடுவுல ஈறு வீங்கினாலோ சாப்பாடு போய் அடைச்சுக்கிட்டாலோ உடனே காட்டணும், எடுக்கறதுன்னு முடிவானா நரம்பு எவ்ளோ கிட்ட இருக்குன்னு 3டி ஸ்கேன் பாத்துட்டுதான் கை வைக்கணும்னு குன்னூர் டாக்டர்கிட்ட பேசி வெச்சிருக்கோம். காலேஜுக்கு எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஃபிலிமையும் பொட்டியில வெச்சு அனுப்பப் போறேன்.

பசங்களுக்கு எடுத்தவங்க, எடுக்காம விட்டவங்க ரெண்டு பேரும் எழுதுங்க. முக்கியமா எடுத்து ஒரு வருஷம் ஆனவங்க, உதடு எப்படி இருக்குன்னு சொல்லுங்க.