பாதிப் படம் பார்த்ததற்கு ஒரு வாடகை, மீதிப் படத்துக்கு இன்னொரு முழு வாடகையா?

ஆன்லைனில் காசு கட்டிப் படத்தை வாடகைக்கு எடுக்கிறோம் இல்லையா, அந்த விதியை யாராவது ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? எடுத்த படத்தைத் தொடாமல் 30 நாள் வைத்திருக்கலாம். ஆனால் பிளே பட்டனைத் தொட்டுவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து 48 மணி நேரம்தான். அதற்குள் பார்த்து முடிக்கவில்லை என்றால் படம் போச்சு. ஐந்து நிமிஷம் மீதி இருந்தாலும் போச்சு, இடைவேளை வரைதான் பார்த்திருந்தாலும் போச்சு. மறுபடி வேண்டுமென்றால் மறுபடி முழு வாடகை. நான் பார்க்காமல் வைத்திருந்தால் ஒரு மாசம் அந்தத் தளத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை, பார்க்க ஆரம்பித்தால் மட்டும் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது என்றால் அது என்ன கணக்கு? இதை யோசிக்க யோசிக்க எனக்கு வயிறு எரிகிறது.

கேசட் காலத்தில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தாமதமானால் தண்டம் கட்டுவது புதிதில்லை. எங்கள் ஊரிலும் வீடியோ கடை இருந்தது. கேசட்டை ஓட்டுகிற டெக், கலர் டிவி, மூன்று கேசட் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்துவந்து, தெருவே உட்கார்ந்து விடிய விடியப் பார்ப்போம். காலையில் பத்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், ரீவைண்ட் பண்ணிக் கொடுக்க வேண்டும், லேட்டானால் இன்னொரு நாள் வாடகை. அதில் ஒரு நியாயம் இருந்தது. கடையில் அந்தப் படத்துக்கு இருப்பதே ஒரு கேசட்தான். நாம் பிடித்து வைத்துக்கொண்டால், அதைக் கேட்டு வந்து நிற்கிற அடுத்த ஆள் வெறுங்கையோடு திரும்பிப் போக வேண்டும், கடைக்காரருக்கு அன்றைய வரும்படி போகும். நம்மால் அவருக்கு நஷ்டம், அதற்கு நாம் ஈடு கட்டுகிறோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

அதோடு, அந்தக் கடைக்காரர் ஒரு மனுஷர். "ராத்திரி பாதிப் படத்துல கரண்ட் போயிருச்சுண்ணே, விடிஞ்சுதான் வந்துச்சு" என்று போய் நின்றால், அவருக்கும் தெரியும், அவர் தெருவிலும்தான் கரண்ட் இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, இந்தக் கேசட்டுக்கு இன்னைக்கு வேற யாரும் சொல்லி வைக்கல, வச்சுக்க, சாயங்காலம் கொண்டாந்துரு" என்பார். ஒரு பைசா கூடக் கேட்டதில்லை. இப்போது என் ஃபோனில் ஓடுகிற அந்தக் கடிகாரத்துக்குக் கரண்ட் போனதும் தெரியாது, நெட் போனதும் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் எத்தனையோ பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தோம். புயலுக்கு முந்தின ராத்திரி ஒருத்தர் படத்தைப் பாதி பார்த்துவிட்டுப் படுத்திருந்தால், அந்த 48 மணி நேரமும் அவர் இருட்டில் கிடந்தபோதே ஓடி முடிந்திருக்கும்.

இதில் எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது, தாமதக் கட்டணத்தை ஒழித்துவிட்டோம் என்று ஒரு வீடியோ வாடகைக் கம்பெனி மார்தட்டிக்கொண்ட கதையை நினைத்தால்தான். அமெரிக்காவில் பிளாக்பஸ்டர் என்று பெரிய வீடியோ கடைச் சங்கிலி இருந்தது. 1985ல் டல்லாஸில் ஒரே கடையாக ஆரம்பித்து ஆயிரக்கணக்கான கடைகளாக வளர்ந்தது. அங்கே வாடகைக் கடைகளுக்கு ஒரு புதுப்பட கேசட் 70 டாலருக்கு மேல் விற்ற காலம் உண்டு, அதனால் ஒரு படத்துக்குச் சில கேசட்டுகள்தான் வாங்க முடியும், லேட்டானால் தண்டம் வாங்கியதில் அர்த்தம் இருந்தது. 1990களின் கடைசியில் அந்தக் கம்பெனி ஸ்டுடியோக்களோடு வாடகை வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்வதாகப் பேசி, குறைந்த விலைக்கே நிறைய கேசட்டுகளை வாங்கி அடுக்கிவிட்டது. தட்டுப்பாடு குறைந்தது. தண்டம் மட்டும் போகவில்லை. 2000ஆம் ஆண்டில் தாமதக் கட்டணமாக மட்டும் அது வசூலித்தது சுமார் 80 கோடி டாலர். அபராதமே தொழிலாகிவிட்டது. ஜனங்கள் காறித் துப்ப ஆரம்பித்த பிறகு, 2005 ஜனவரியில் "இனி தாமதக் கட்டணமே கிடையாது" என்று ஊர் முழுக்க விளம்பரம் செய்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? கெடு தாண்டி ஒரு வாரம் ஆனால், படத்தையே நீங்கள் விலைக்கு வாங்கிவிட்டதாக வைத்து, அதன் விலையை உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் விலை திரும்ப வரும், ஆனால் அலமாரியில் திரும்ப அடுக்குவதற்கு என்று 1.25 டாலர் பிடித்துக்கொள்வார்கள். நியூ ஜெர்சி மாநிலம் வழக்குப் போட்டது. அடுத்த மாசமே 47 மாநிலங்களோடு சமரசம் பேசி, 6,30,000 டாலர் கட்டி, ஏமாந்தவர்களுக்குப் பணம் திருப்பித் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2010ல் கம்பெனி திவாலானது.

சரி, கேசட் போனது, டிவிடி போனது, எல்லாம் ஃபைல் ஆனது. இனி திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை, அடுத்த ஆள் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரே நேரத்தில் லட்சம் பேர் அதே படத்தைப் பார்க்கலாம். தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படித்தானே இருந்திருக்க வேண்டும்? 2008 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ், தங்கள் ஆன்லைன் கடையான ஐடியூன்ஸில் படங்கள் வாடகைக்குக் கிடைக்கும் என்று மேடையில் அறிவித்தபோது வந்த விதி, எடுத்தபின் 30 நாளுக்குள் பார்க்க ஆரம்பிக்கலாம், ஆரம்பித்தால் 24 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்த படத்தை மறுநாள் வேலையிலிருந்து வந்து, சாப்பிட்டு, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு அதே ஒன்பது மணிக்குத் தொடரலாம் என்று உட்கார்ந்தால் படம் இருக்காது. பிறகு அது 48 மணி நேரமானது. இன்று நம் ஊரிலும் பல தளங்களில் இதே 30 நாள், 48 மணி நேரம்தான்.

48 மணி நேரம் தாராளம்தானே என்பவர்கள் தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கு இரண்டு நாளில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது? நம் படங்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறவையா? இரண்டரை, இரண்டே முக்கால், மூன்று மணி நேரம் போகும். தியேட்டரிலேயே இடைவேளை விட்டு இரண்டாகப் பிரித்துத்தான் காட்டுகிறார்கள். வீட்டில் அது நான்கைந்து துண்டாகத்தான் ஓடும். கைக்குழந்தை வைத்திருக்கிறவள் குழந்தை தூங்குகிற அரை மணி நேரத்தில் கொஞ்சம் பார்ப்பாள். நைட் ஷிஃப்ட் நர்ஸ், கால் டாக்ஸி ஓட்டுகிறவர், வயசானவர்கள், இவர்கள் எல்லோரும் தவணை முறையில்தான் படம் பார்க்கிறார்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காமலா இந்த விதியைப் போட்டார்கள்? எடுத்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். முடிக்க முடியாமல் போகிறவன்தானே திரும்பக் காசு கட்டுவான்.

என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தியேட்டருக்கு வர முடியாது, முட்டி வலி. ஒரு படத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு ஆசைப்பட்டார். மாதச் சந்தா கட்டுகிற தளத்திலேயே அந்தப் படம் இருந்தது, ஆனால் சந்தாவில் வராதாம், தனியாக 149 ரூபாய் வாடகையாம். அம்மா ஆசைப்பட்டதுதான் முக்கியம் என்று எடுத்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி கொஞ்சம் பார்த்தார், மாத்திரை போட்டதில் தூக்கம் வந்துவிட்டது. சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம், அதற்குள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேலையெல்லாம் முடித்து உட்கார்ந்தோம். கதை சூடு பிடித்த நேரத்தில் ஃபோன் வந்தது, நிறுத்திவிட்டுப் பேசிவிட்டு வந்து ரிமோட்டை அழுத்தினால், 'தொடர்ந்து பார்க்க' என்று இருந்த இடத்தில் 'வாடகைக்கு எடுக்க ₹149' என்று நிற்கிறது. மீதி நாற்பது நிமிஷம்கூட இருந்திருக்காது. "என்னப்பா ஆச்சு, அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்தாளா இல்லையா, மீதியைப் போடேன்" என்று அம்மா கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது? நேரம் முடிந்துவிட்டது, கடைக்காரன் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றா? அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நான்தான் தூங்கித் தொலைச்சிட்டேன்" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. காசு கட்டிய வீட்டில், எழுபது வயசு மனுஷி தூங்கியதற்கு வருத்தப்பட வேண்டியிருக்கிறது!

உதவி மையத்துக்கு எழுதினேன். முதலில் ஒரு தானியங்கிப் பதில், விதிகளின் சுட்டியோடு. மனுஷரிடம் பேச வேண்டும் என்று திரும்பத் திரும்பத் தட்டிய பிறகு ஒருவர் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீட்டிக்க வழியே இல்லையாம். படத்தின் உரிமையாளர்களோடு போட்ட ஒப்பந்தம் அப்படியாம். நான் கேட்டேன், மீதி நாற்பது நிமிஷத்துக்கு ஒரு பத்து ரூபாய், இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு திறந்துவிடுங்களேன் என்று. அந்த வசதி இல்லையாம். அதாவது பழைய கேசட் கடையில் லேட்டானால் லேட்டான நாளுக்கு மட்டும் காசு. இங்கே ஒரு நிமிஷம் லேட்டானாலும் முழு வாடகை. அந்தத் தாமதக் கட்டணம் எவ்வளவோ தேவலாம்!

இதற்கு அவர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். நேரக் கெடு இல்லாவிட்டால் 149 ரூபாய்க்கு எடுத்து ஊருக்கே போட்டுக் காட்டுவீர்கள், திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள், அப்புறம் யார் விலைக்கு வாங்குவார்கள் என்று. சரி, பேசுவோம். எத்தனை சாதனத்தில் ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதை நீங்கள்தான் கட்டுப்படுத்துகிறீர்கள். நான் எந்த நிமிஷத்தில் நிறுத்தினேன், எங்கே தாண்டினேன், எங்கே திரும்ப ஓட்டினேன் என்பது வரை உங்களிடம் பதிவு இருக்கிறது, அதனால்தானே விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது? அப்படியென்றால் நான் படத்தை ஒரு தடவைகூட முழுசாகப் பார்க்கவில்லை என்பதும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கதவைச் சாத்துகிறீர்கள். கேசட் கடைக்காரருக்கு நான் எதுவரை பார்த்தேன் என்று தெரிய வழியில்லை, ஆனாலும் என் வார்த்தையை நம்பினார். உங்களுக்கு எல்லாம் தெரிந்தும் நம்ப மறுக்கிறீர்கள்.

இதில் இன்னொரு கொடுமை, பிளே பட்டனைத் தொட்டால் போதும் என்பது. சின்னப் பிள்ளை ரிமோட்டைத் தூக்கி விளையாடினால் தீர்ந்தது. சில செயலிகள் உடனே கெடு ஆரம்பிக்கப் போகிறது, சரியா என்று ஒரு தடவை கேட்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் ஓகே அமுக்கிவிடுகிற பெரியவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்? பணம் கட்டும் பக்கத்தில் 30 நாள் என்பது மட்டும் கண்ணில் அறைகிற மாதிரி இருக்கும், 48 மணி நேரம் என்பது கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் கிடக்கும்.

அப்புறம் இவர்களே திருட்டுப் பிரதி பார்க்காதீர்கள், கலைஞர்களின் உழைப்பை மதியுங்கள் என்று படத்துக்கு முன்னால் போடுகிறார்கள். மதிக்கிறோம். மதிப்பதால்தான் டெலிகிராமில் இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் காசு கட்டி வருகிறோம். அப்படி நேர்மையாக வருகிறவனுக்குத்தான் கடிகாரம், கெடு, இரண்டாவது வாடகை எல்லாம். திருட்டுத்தனமாக இறக்கிப் பார்க்கிறவனுக்கு எந்தக் கெடுவும் கிடையாது, ஒரு மாசம் வைத்துத் துண்டு துண்டாகப் பார்க்கலாம். என் தம்பி என்னிடம் நேராகவே கேட்டான், "உனக்கு ஏன்ணே இந்த வேண்டாத வேலை" என்று. அவனுக்குப் பதில் சொல்ல முடியாமல் என்னை நிறுத்தியது இந்தத் தளங்கள்தான்.

நான் இலவசமாகக் கேட்கவில்லை. 30 நாள் என்று சொல்லித்தானே காசு வாங்குகிறீர்கள், அந்த 30 நாளுக்குள் ஒரு தடவை முழுசாகப் பார்த்து முடிக்க விடுங்கள். அது முடியாதென்றால் முடிக்காத படத்துக்கு ஒரு நாள் நீட்டிப்பு, நாளைக்கு இவ்வளவு என்று நியாயமாக ஒரு தொகை வையுங்கள், கட்டுகிறோம். அதுவும் ஒப்பந்தத்தில் இல்லை என்றால் ஒப்பந்தத்தை மாற்றிப் பேசுங்கள், 24 மணி நேரத்தை 48 ஆக்கியபோது வானம் இடிந்து விழவில்லை. இந்தப் புகாரை ஒவ்வொரு தடவை படம் பறிபோகும்போதும் உதவி மையத்துக்கு எழுதுங்கள், ஸ்கிரீன்ஷாட்டோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் சொல்லுங்கள். நான் சொல்லிவிட்டேன். பதில் வரட்டும், வந்ததும் அதையும் அப்படியே எழுதுகிறேன்.