கடுவன் பூனை வளர்ப்பவர்களுக்கு

பூனை வளர்க்கும் நண்பர்கள், அதிலும் கடுவன், அதாவது ஆண் பூனை வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

போன மே மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் செவலை மண் டப்பாவுக்குள் போனான், குந்தினான், வெளியே வந்தான். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் உள்ளே. வால் நடுங்க முக்குகிறான். மலச்சிக்கல் என்றுதான் நினைத்தோம். அம்மா சோற்றில் கொஞ்சம் நெய் விட்டுப் பிசைந்து வைத்தார், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ராத்திரி மணலைக் கிளறியபோதுதான் எனக்குப் பகீரென்றது. காலையில் மாற்றிய மணலில் ஈரக் கட்டி ஒன்றுகூட இல்லை. நாள் முழுக்க அவன் சிறுநீரே கழிக்கவில்லை.

இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் அடிவயிற்றைத் தொட்டதுமே "அடைச்சிருக்கு" என்றார். கதீட்டர் போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள்.

கடுவனுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ரொம்பக் குறுகல். பொடிப்பொடியான படிகமோ சளியோ சிக்கினாலே போதும், அடைத்துக்கொள்ளும். சிறுநீரோடு போகவேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அதனால் பூனை திரும்பத் திரும்பக் குந்தி ஒன்றும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். வயிற்றை அமுக்கியும் பார்க்காதீர்கள். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

இத்தனைக்கும் முக்கியமான ஒரு காரணம், தண்ணீர் போதாமை. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. எலியைத் தின்றால் அதன் உடம்பிலேயே முக்கால்வாசிக்குக் கிட்ட தண்ணீர் இருக்கும், தனியாகக் குடிக்கத் தேவை குறைவு. நாம் கொடுக்கும் உலர் தீனியில் ஈரம் 10 சதவீதம் அளவுக்குத்தான். அந்தக் குறையைச் சரிக்கட்டும் அளவுக்குப் பூனை தானாகக் குடிக்காது. இப்போது நான் கோழியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்தே கொடுக்கிறேன். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழித்துவிடும். தண்ணீரை அகலமான கிண்ணங்களில், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். ஜன்னலோரக் கிண்ணம்தான் சீக்கிரம் காலியாகிறது.

"நாங்கள்தான் பால் வைக்கிறோமே" என்பார்கள். வளர்ந்த பூனைகள் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போய் இருக்கும் தண்ணீரும் வீணாகும். வெறும் பால்சோற்றிலேயே வளர்ப்பதும் எனக்குச் சம்மதமில்லை. டாரின் என்ற சத்து முக்கியமாக இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் பூனைக்குக் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும்.

அப்புறம், பூனை வலியை வெளியே காட்டாது. கத்தாது, ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். நமக்குத் துப்பு கொடுப்பது அந்த மண் டப்பாதான். வீட்டில் அதைக் கவனிக்கும் வேலையை இப்போது அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார். தினமும் காலையில் ஈரக் கட்டிகளை எண்ணிவிட்டு, நான் அலுவலகம் கிளம்புவதற்குள் வந்து சொல்வார். இன்றைக்கு மூன்று.