அரைமணி நேர சைக்கிளுக்குத் தனி உடை வேண்டுமா?

சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்கும் எல்லோரும் உட்காரும் இடத்தில் பேடு (மெத்தை) வைத்த ஷார்ட்ஸும் இறுக்கமான ஜெர்சியும் வாங்கியே ஆக வேண்டும், சாதாரண உடையில் ஓட்டினால் உடம்புக்குக் கேடு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அரைமணி நேரம் நிதானமாக ஓட்டுபவருக்கு அது பொருந்தாது.

அந்த ஷார்ட்ஸ், குனிந்த நிலையில் குறுகலான சீட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்காகத் தைக்கப்படுவது. அவர்களுக்கு உண்மையிலேயே உதவும். நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போய் வருபவருக்கு வீட்டில் இருக்கும் உடையே போதும். தடித்த தையல் தொடையிடுக்கில் உராயாமல் இருக்கிறதா, கால்சட்டையின் நுனி செயினில் சிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நுனியை மடித்துவிட்டாலோ ஒரு ரப்பர் பேண்ட் போட்டாலோ அதுவும் சரியாகிவிடும்.

சாதாரண உடையே போதுமா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முதலில் சீட் சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அப்படி இல்லையென்றால் சீட்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள், சீட்டின் முன்நுனி மேல்நோக்கித் தூக்கியிருந்தால் மட்டமாக்குங்கள். பிறகு வழக்கமாக உடுத்துவதையே உடுத்தி, வழக்கமான தூரம் ஓட்டுங்கள். புதிதாக ஓட்டுபவர்களுக்கு முதல் சில நாள் உட்காரும் இடம் கொஞ்சம் வலிக்கும், பழகப் பழகக் குறைந்துவிடும். அந்த இடம் மரத்துப்போவது தொடர்ந்தால் சீட்டை மறுபடி கவனியுங்கள். தனி உடை வாங்கப் பணமில்லை என்று யாரும் சைக்கிளை ஓரங்கட்டிவிட வேண்டாம்.