கறுப்பிக்காக அழுதது

இறந்த வளர்ப்புப் பூனைகளுக்காக அழுவதில் வெட்கமில்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். பாம்பனில் எங்கள் வீட்டில் வளர்ந்த கறுப்பி, அப்பா கரை திரும்பும் நேரமறிந்து வாசலில் அமர்ந்திருந்து, அவர் போடும் காரல் மீனைத் தலையிலிருந்து தொடங்கி முள்கூட மிச்சமின்றித் தின்றுவிட்டு, அவர் காலில் முதுகை உரசிக்கொண்டே உள்ளே வருவாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், வீட்டுச் செலவே இழுபறியாக இருக்கும்போதும், அம்மா கருவாட்டுத் துண்டை உப்புப் போக ஊறவைத்து அவளுக்கென எடுத்து வைப்பார். முதுமையில் சிறுநீரகம் பழுதாவது பூனைகளிடம் பரவலாகக் காணப்படும் நோய். கறுப்பியும் ஓயாமல் தண்ணீர் குடித்து, உடல் இளைத்தே இறந்தாள். வேறு குட்டி தருவதாக அண்டை வீட்டார் சொன்னபோது அம்மா உடனே மறுத்துவிட்டார். அவர் செய்தது சரியென்றே நான் கருதுகிறேன்.