பாட் சம்மிட்டின் சாதனை: பகிரப்படும் செய்தியில் உள்ள பிழைகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இன்றுவரை அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பாட் சம்மிட் என்றும், மறதி நோய் தெரியவந்ததும் அவர் உடனே விலகிவிட்டார் என்றும் ஒரு செய்தி பகிரப்படுகிறது. இரண்டும் தவறு.

1974இல், 22 வயதில் பொறுப்பேற்றபோது அவருக்கு மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை ஓட்டியதும் ஆட்டக்காரர்களின் சீருடைகளைத் துவைத்ததும் அவரேதான். முதல் ஆட்டத்தில் தோற்றார். முதல் தேசிய சாம்பியன் பட்டம் 1987இல்தான் கிடைத்தது. 2012இல் விலகியபோது அவர் கணக்கில் 1,098 வெற்றிகளும் எட்டுப் பட்டங்களும் இருந்தன; அந்நாளில் வெற்றி எண்ணிக்கையில் அவரே முதலிடத்தில் இருந்தார் என்பதால், பழைய செய்தியைத் தேதி பாராமல் பகிர்ந்ததே குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் 2020 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் தாரா வேன்டர்வீர் அந்த எண்ணிக்கையைக் கடந்தார். 2024 நவம்பரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜீனோ ஆரியம்மா 1,217ஆவது வெற்றியுடன் வேன்டர்வீரையும் முந்தினார். பட்டங்களிலும் ஆரியம்மாவே முன்னிலையில் இருக்கிறார்: 2025 வரை 12.

விலகல் பற்றிய கூற்றுக்கு ஆதாரமே இல்லை. அல்சைமர் வகை மறதி நோயை 2011 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்த சம்மிட், துணைப் பயிற்சியாளர்களிடம் கூடுதல் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, அடுத்த பருவம் முழுவதும் தலைமைப் பயிற்சியாளராகவே நீடித்தார். 2012 ஏப்ரலில்தான் அப்பொறுப்பை உதவிப் பயிற்சியாளர் ஹாலி வார்லிக்கிடம் விட்டார்.